எலும்புக் குழியை எதைக் கொண்டு நிரப்புவது? கரையும் கால்சியம் பாஸ்பேட்டுகளில் ஒரு தேர்வு

மேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று கரடுமுரடான குருணை. ஒன்றில் இருப்பது ஹைட்ராக்சிஅபடைட், மற்றதில் இருப்பது பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். இரண்டுமே எலும்புக் குழியை நிரப்பப் பயன்படும் கால்சியம் பாஸ்பேட் பீங்கான்கள். லேபிளை மறைத்துவிட்டால், பல ஆண்டுகளாக இவற்றைச் சுட்டெடுத்து, அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட எனக்குக்கூட எது எதென்று சொல்ல முடியாது. விரலில் ஒரே கரகரப்பு. ஒரு துளி ரத்தத்தைத் தொட்டவுடன் இரண்டுமே அதை உறிஞ்சி, அடியிலிருந்து மேலாகச் சிவந்து வருகின்றன. ஆனால் இவற்றை எலும்புக் குழியில் வைத்துத் தைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கதையே வேறு. ஒன்று வைத்தது வைத்தபடி வெள்ளையாகத் தெரியும். மற்றது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் எலும்பு இருக்கும், அல்லது, தேர்வு பிசகியிருந்தால், வெறும் நார்த்திசு இருக்கும்.

அறுவை சிகிச்சை நிபுணர்களும் பல் மருத்துவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “இவற்றில் எது நல்லது?” இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம். “இந்தக் குழியில் எலும்பு வந்து நிரம்ப எத்தனை மாதம் ஆகும், அதுவரை எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும், பொருளில் கொஞ்சம் மிச்சம் கிடந்தால் பின்னால் இடைஞ்சலா?” என்று கேட்டால் விடை சொல்லிவிடலாம். கூரை போடும்போது அடியில் கொடுக்கும் சென்ட்ரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் இறுகுமுன் பிரித்தால் கூரை இறங்கிவிடும். இறுகிய பிறகும் பிரிக்காமல் விட்டால் அந்த அறை யாருக்கும் பயன்படாது. கரையும் பீங்கான் என்பது தானாகவே பிரிந்துகொள்ளும் சென்ட்ரிங். எப்போது பிரிய வேண்டும் என்பதைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் அன்றே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

ஒப்பீட்டின் அளவுகோல் நோயாளியின் சொந்த எலும்புதான். இடுப்பெலும்பின் முகட்டிலிருந்து எடுத்துக் குழியில் வைக்கும் எலும்பு ஒட்டில் உயிருள்ள செல்கள் உண்டு, எலும்பு வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு, எலும்பு படர்ந்து ஏற, கட்டடத்துக்குக் கட்டுவது போன்ற சாரமும் உண்டு. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் பொருள் வேறு எதுவும் இல்லை. ஆனால் அதற்காக இன்னொரு இடத்தை வெட்ட வேண்டும். அந்த இடத்து வலி சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. கால்சியம் பாஸ்பேட் பீங்கானில் மேற்சொன்ன மூன்றில் உறுதியாகக் கிடைப்பது மூன்றாவது மட்டுமே, அதாவது சாரம். இதை மறந்துவிட்டுச் செய்யும் எந்த ஒப்பீடும் வழி தவறிவிடும்.

எண்ணம் புதிதல்ல. 1892இல் டிரீஸ்மன் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு நிரப்பியதைப் பதிவு செய்தார். 1920இல் ஆல்பியும் மாரிசனும் முயல்களின் எலும்பு இடைவெளியில் கால்சியம் பாஸ்பேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். சுட்டெடுத்த நுண்துளைப் பீங்கான்கள் மருத்துவமனைகளுக்கு வந்து சேர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கரைதல் என்ற ஒரே சொல், இரண்டு வேலைகள்

விற்பனைத் தாள்களில் “கரையும் தன்மை உடையது” என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. குழப்பத்தின் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது வெறும் வேதியியல். உப்பு நீரில் கரைவதைப் போலப் பொருள் உடல் திரவத்தில் கரைவது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இப்படித்தான் போகிறது. எலும்பு வந்ததா, வரவில்லையா என்று அது பார்ப்பதில்லை; சுற்றியுள்ள திரவம் எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கரையும். இரண்டாவது, செல்கள் அரித்துத் தின்பது. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் பெரிய, பல உட்கருக்கள் கொண்ட செல், பீங்கானின் மேற்பரப்பில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஒட்டிக்கொள்கிறது. விளிம்பை இறுக அடைத்துக்கொண்டு, அடியில் அடைபட்ட சின்னஞ்சிறு இடத்துக்குள் அமிலத்தைச் சுரக்கிறது. உடல் திரவத்தின் பி.எச். 7.4, அந்த மூடிய இடத்தில் அது ஏறத்தாழ 4.5 வரை இறங்குகிறது. அங்கே கால்சியம் பாஸ்பேட் கரைகிறது. செல் நகர்ந்த பிறகு பார்த்தால், நகத்தால் சுரண்டியது போன்ற ஒரு பள்ளம். மின்னணு நுண்ணோக்கியில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தப் பள்ளத்துக்குள்தான் பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து புதிய எலும்பை இடுகிறது. நமது சொந்த எலும்பு வாழ்நாள் முழுதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முறையும் இதுவே.

முதல் வழியில் பொருள் போவதும் எலும்பு வருவதும் தனித்தனியாக நடக்கின்றன. இரண்டாம் வழியில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நடக்கின்றன. எனக்கு இரண்டாம் வழியில்தான் நம்பிக்கை அதிகம். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் 7.4 பி.எச்.சில் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது. அதை அகற்றச் செல்கள் வர வேண்டும். செல்கள் வர ரத்தக்குழாய்கள் வர வேண்டும். ரத்தக்குழாய் வரும் இடத்தில் எலும்பு வர வாய்ப்பும் உண்டு. அந்தப் பொருளின் உண்மையான பலம் இந்தச் சங்கிலிதான்.

இதிலிருந்து பலர் கவனிக்காத ஒரு முடிவு கிடைக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்காக பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்துக்கொள்பவருக்கு ஆஸ்டியோகிளாஸ்ட்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. அவருக்கு வைக்கும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் வழக்கமான வேகத்தில் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆறாவது மாதத்தில் குருணை அப்படியே தெரிகிறது என்பதற்காக ஒட்டு தோற்றுவிட்டது என்று பதற வேண்டியதில்லை; மருந்துச் சீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கரையும் எளிமையைப் பொறுத்தவரை வரிசை தெளிவானது. சுட்டெடுத்த ஹைட்ராக்சிஅபடைட் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. அதற்கு மேல் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், அதற்கும் மேல் அதே வேதியியல் சூத்திரம் கொண்ட ஆல்ஃபா வடிவம். புருஷைட் என்ற இன்னொரு கால்சியம் பாஸ்பேட்டும் பீட்டாவைவிட எளிதில் கரையும். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் ஹைட்ராக்சிஅபடைட்டில் 1.67, டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5, புருஷைட்டில் 1. விகிதம் குறையக் குறையக் கரைதல் எளிதாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒரே விகிதம் கொண்டவை. கரைவதில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது. படிக அமைப்பும் பேசுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பீட்டா வடிவம் சுமார் 1,125 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆல்ஃபாவாக மாறத் தொடங்கும். உலையின் வெப்பம் கைமீறினால், பீட்டா என்று எழுதிய குப்பிக்குள் ஆல்ஃபாவும் கலந்திருக்கும்.

இயற்கை எலும்பின் கனிமமும் ஒரு அபடைட்தான், அதாவது ஹைட்ராக்சிஅபடைட்டின் நெருங்கிய உறவு. அப்படியிருக்க அது மட்டும் எப்படி எளிதில் அரிபடுகிறது? அதன் படிகங்கள் சில நானோமீட்டர் தடிமனே கொண்ட தகடுகள். அதில் எடையில் சில விழுக்காடு கார்பனேட் கலந்திருக்கிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்ட ஹைட்ராக்சிஅபடைட்டில் கார்பனேட் கிடையாது. படிகங்கள் பருத்து, நெருங்கி, கல்லாகிவிடுகின்றன. பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு. “எலும்பில் உள்ள அதே பொருள்” என்று விளம்பரம் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

துளை இல்லையேல் வழி இல்லை

எந்தப் பொருள் என்பதற்கு ஈடாக, அது எப்படித் துளையிடப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். எலும்பு உள்ளே வளரக் குறைந்தது 100 மைக்ரோமீட்டர் துளை வேண்டும். 300க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய்களோடு நன்றாக வளர்கிறது. ஆனால் துளையின் அளவைவிடத் துளைகளுக்கு இடையே உள்ள வாசலின் அளவே என் கணக்கில் பெரிது. பெரிய அறைகள் இருந்து கதவுகள் குறுகலாக இருந்தால் யாரும் உள்ளே போக முடியாது. வாசல் 50 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தால் எலும்பு தயங்குகிறது. இவை தவிர, சுவரிலேயே 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துளைகள் இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன அந்தக் குருணை ரத்தத்தைக் கீழிருந்து மேலே இழுத்ததே, அது இந்த நுண்துளைகளின் வேலை. ரத்தத்தை இழுக்காமல் உருண்டையாக மேலே நிற்கவிடும் குருணையைக் கண்டால் எனக்கு ஐயம் வந்துவிடும்.

துளை கூடினால் பலம் குறையும். இதற்குத் தப்ப வழியில்லை. நுண்துளைப் பீங்கான்கள் தாங்கும் அழுத்தம் பெரும்பாலும் ஒற்றை இலக்க மெகாபாஸ்கல்களில்தான் இருக்கிறது. பஞ்செலும்புக்கும் அதே வரம்பு. புற ஓட்டுக் கெட்டி எலும்பு 100க்கு மேல் தாங்கும். அதிலும், அழுத்தத்தைத் தாங்கும் பீங்கான் வளைவையும் முறுக்கையும் தாங்காது. பிளேட்டோ திருகோ சுமையைச் சுமக்க, பீங்கான் குழியை நிரப்ப என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

தூளும் ஒரு பிரச்சினை. உரசி உதிர்ந்த மிக நுண்ணிய துகள்களை மேக்ரோபேஜ்கள் எனப்படும் பாதுகாப்புச் செல்கள் விழுங்கி, அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. குருணையைக் குழிக்குள் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கும் பழக்கம் இருக்கிறது. அப்படி இறுக்கினால் குருணைகள் நொறுங்கித் தூளாகின்றன. இடையிலுள்ள வாசல்கள் அடைபடுகின்றன. மெல்ல நிரப்பி, விரலால் படியவைத்தால் போதும்.

இனி ஒவ்வொன்றாக

பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டைத்தான் நான் இயல்பான முதல் தேர்வாக வைத்திருக்கிறேன். சுற்றிலும் எலும்புச் சுவர் இருக்கும், ரத்தம் கசியும், சுமையை வேறொன்று தாங்கும் குழிகளில் இது தன் வேலையைச் செய்துவிட்டு விலகுகிறது. தீங்கற்ற கட்டியைச் சுரண்டி எடுத்த குழி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் இது போய்விடும். அந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் துளை அளவு, குருணையின் பருமன், நோயாளியின் வயது, குழியின் அளவு ஆகிய எல்லாமே அதில் கை வைப்பதுதான். குழந்தையின் எலும்பில் ஆண்டு திரும்புவதற்குள் அடையாளமே தெரியாமல் போகலாம். வயதானவரின் கொழுப்பு மிகுந்த மஜ்ஜையில் அதே குருணை நிதானமாகக் கிடக்கும்.

இதன் பலவீனம் பலத்தின் மறுபக்கமே. எலும்பு மெதுவாக வரும் இடத்தில் இது காத்திருக்காமல் போய்விடக்கூடும். வடிவம் நிலைக்க வேண்டிய இடங்களில், உதாரணமாகப் பல் பிடுங்கிய பிறகு கன்னத்துப் பக்கத் தாடை ஓரம் உள்வாங்காமல் நிற்க வேண்டிய இடத்தில், இதை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுட்டெடுத்த ஹைட்ராக்சிஅபடைட் அங்கேதான் மதிப்புப் பெறுகிறது. பல ஆண்டுகள் கழித்தும் அது இருக்கும். “கரையாது” என்பதைக் குற்றமாகவே பேசிப் பழகிவிட்டோம். உருவம் மாறக் கூடாத இடத்தில் அதுவே வேண்டிய குணம். 1974இல் ராயும் லின்னஹனும் கடல் பவளத்தின் கால்சியம் கார்பனேட்டை வெந்நீர் அழுத்தத்தில் அபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். பவளத்தின் துளைகள் இயற்கையாகவே ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், அந்தச் சாரத்தில் எலும்பு நன்றாக ஏறியது. ஆனால் பவளம் அபடைட்டான பிறகு, அதுவும் மெல்லவே போகும். மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்யும் குருணையும் பல் மருத்துவத்தில் இந்த மெதுவான வகையாகவே பயன்படுகிறது. அதன் மிச்சம் எலும்புக்குள் புதைந்தே கிடக்கும். குழந்தைகளின் வளரும் எலும்பிலும், பின்னால் திருகு போட வேண்டிய இடத்திலும் நான் ஹைட்ராக்சிஅபடைட்டைத் தவிர்ப்பேன். கல் கலந்த எலும்பில் துளையிடுவது எப்படி இருக்கும் என்று துளையிட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது இருநிலைக் கால்சியம் பாஸ்பேட். 1980களில் ரக்கேல் லெகெரோசும் கீ தக்கூல்சியும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இதை இரண்டு தூள்களைக் கரண்டியால் கலந்த கலவை என்று எண்ணிவிடக் கூடாது. கால்சியம் குறைந்த அபடைட் ஒன்றை முதலில் தயாரித்துச் சுட்டால், அது தனக்குள்ளேயே இரண்டு நிலைகளாகப் பிரிந்துகொள்கிறது. கால்சியம் எவ்வளவு குறைவோ அவ்வளவு டிரைகால்சியம் பாஸ்பேட் கூடும். பரவலாகக் கிடைப்பது 60 விழுக்காடு ஹைட்ராக்சிஅபடைட்டும் 40 விழுக்காடு பீட்டாவும் கொண்ட கலவை. பீட்டா முன்னால் போகிறது. அது விட்டுச்செல்லும் இடத்தில் எலும்பு புகுகிறது. அபடைட் எலும்பு தங்கச் சட்டமாக நிற்கிறது. 1998இல் வெளியான, ஸ்கோலியோசிஸ் (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைதல்) உள்ள 341 நோயாளிகளைக் கொண்ட ஒப்பாய்வில், முதுகுத்தண்டை இணைக்கும் அறுவையில் இவ்வகைப் பீங்கான் சொந்த எலும்பு ஒட்டுக்கு ஈடாக நின்றது. இடுப்பிலிருந்து எடுப்பதால் வரும் தொல்லையும் அந்த நோயாளிகளுக்கு இல்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இளவயதினர். எலும்பு வளரத் துடிக்கும் பருவத்தினர். அதே முடிவை அறுபது வயதுக்காரரின் கீழ்முதுகுக்கு அப்படியே எடுத்துச் செல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே இதைச் சொந்த எலும்போடு கலந்து, ஒட்டின் அளவைக் கூட்டும் துணையாகப் பயன்படுத்துவதே நிதானமான வழி.

சிமெண்ட் என்னும் தனி இனம்

சுட்டெடுக்காமல், அறுவை அரங்கிலேயே தூளையும் திரவத்தையும் குழைத்து, ஊசியால் செலுத்தி, உடம்புக்குள் இறுகச் செய்யும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட்டை 1980களில் பிரவுனும் சௌவும் உருவாக்கினார்கள். 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மண்டையோட்டுக் குறைகளுக்கு அதை அனுமதித்தது. அதன்பின் அது எலும்பியலுக்குப் பரவியது. இறுகும்போது இது வெப்பத்தை அதிகம் கிளப்புவதில்லை. சூடேறி இறுகும் அக்ரிலிக் எலும்புச் சிமெண்ட்டோடு பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இறுகிய பிறகு கிடைப்பது என்ன என்பது கலவையின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. பி.எச். சுமார் 4.2க்கு மேல் இருந்தால் அபடைட். கீழே இருந்தால் புருஷைட். அபடைட் சிமெண்ட்டின் படிகங்கள் மிக நுண்ணியவை. சுட்டெடுத்த கல்லைவிட அவை எலும்பின் கனிமத்துக்கு நெருங்கியவை. ஆகவே செல்களால் மெல்ல அரிக்க முடிகிறது. ஆனால் பெரிய துளைகள் கிடையாது. நடுவே புக வழி இல்லாததால் செல்கள் வெளிப்புறத்திலிருந்து அடுக்கடுக்காகத்தான் அரித்துக்கொண்டு போகும். பெரிய கட்டியாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் நடுப்பகுதி அப்படியே கிடக்கும். புருஷைட் வேகமாகப் போகும். ஆனால் அதில் ஒரு பகுதி உடம்பிலேயே அபடைட்டாக மாறி அதன்பின் மெதுவாகிவிடுவதும் உண்டு. வேகமானது என்று நம்பி வைத்தது பாதி வழியில் மெதுவாவது இப்படித்தான்.

அப்படியிருந்தும் சிமெண்ட்டுக்கு ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அதை அசைக்க வேறு பொருள் இல்லை என்பது என் கருத்து. முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பின் மேல்தளம் உடைந்து, மூட்டின் பரப்பு உள்ளே அமிழ்ந்துவிடும் முறிவு அது. அமிழ்ந்த பரப்பை அடியிலிருந்து தூக்கி நிறுத்தியதும் கீழே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதில் குருணையை இட்டால் பரப்பின் அடியில் முழுதாகப் பொருந்தாது. சொந்த எலும்பை இட்டால் முதல் சில மாதங்களில் அது மென்மையாகி இறங்கும். சிமெண்ட் மூலை முடுக்கெல்லாம் ஓடி இறுகி, பல பத்து மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்குகிறது. 2008இல் ரஸ்ஸலும் லெய்டனும் வெளியிட்ட பல மைய ஆய்வில் 120 முறிவுகளில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் மூட்டுப் பரப்பு அமிழ்ந்தது சொந்த எலும்பு வைத்தவர்களிடம்தான் அதிகம். சொந்த எலும்பே எப்போதும் மேல் என்ற நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வைத்த முடிவு இது. உயிருள்ள ஒட்டு தோற்று, உயிரற்ற சிமெண்ட் வென்றதற்குக் காரணம் எளிது: அங்கே முறிவு ஆறும்வரை தேவைப்பட்டது உயிர் அல்ல, தாங்கல்.

எச்சரிக்கைகளும் உண்டு. ரத்தம் ஓடும் குழியில் இறுகுவதற்கு முன் சிமெண்ட் கலைந்து கழுவிப்போகலாம். மூட்டுக்குள் கசிந்தால் எடுத்தே ஆக வேண்டும். இறுகத் தொடங்கிய சிமெண்ட்டைத் திரும்பப் பிசைந்தால் படிகப் பிணைப்பு உடைந்து பலம் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டிய பொருள் இது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதாவது கால்சியம் சல்பேட், பாஸ்பேட் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் கடைத்தட்டில் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு சொல். சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் கரைந்துவிடும். பெரும்பாலான குழிகளில் எலும்புக்கு அந்த அவகாசம் போதாது. சிலருக்குக் காயத்தின் வழியே நீர் கசிவதும் உண்டு. நோய்த்தொற்று இருந்த குழியில் ஆண்டிபயாட்டிக்கைச் சுமந்து சென்று விட்டுவரும் வேலைக்கு இது பொருத்தமானது. சல்பேட்டோடு அபடைட்டைச் சேர்த்து, முதலில் சல்பேட் கரையவும் பின்னால் அபடைட் சாரமாக நிற்கவும் செய்த கலவைகள் இப்போது நல்ல இடத்தைப் பிடித்திருக்கின்றன.

எக்ஸ்ரேயை வாசிப்பது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் பார்க்க வேண்டியது எக்ஸ்ரேயை. அங்கே ஒரு பொறி இருக்கிறது: பீங்கானும் எலும்பும் இரண்டுமே வெள்ளை. குழி வெள்ளையாக இருக்கிறது என்பதால் எலும்பு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அறுவை முடிந்த அன்றும் அது வெள்ளையாகத்தான் இருந்தது.

நான் பார்ப்பது விளிம்பை. முதல் வாரங்களில் குருணைக் கூட்டத்துக்கும் சுற்றியுள்ள எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். எலும்பு வரும்போது அந்தக் கோடு மங்கி மறைகிறது. அடுத்து, கூரிய விளிம்பு கொண்டிருந்த தனித்தனிக் குருணைகள் பனியில் பார்ப்பதுபோல மசங்குகின்றன. கடைசியாக, வெள்ளைப் பொட்டலம் போலிருந்த இடத்தில் எலும்பின் பின்னல் கோடுகள் தெரிகின்றன. கறுப்புக் கோடு மறையாமல் அகலமாகிக்கொண்டே போனால், பொருள் போகிறது, எலும்பு வரவில்லை என்று பொருள். அல்லது அசைவு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுக்கத் தயங்கக் கூடாது.

இவற்றால் முடியாதவை

நீள எலும்பில் ஒரு துண்டே காணாமல் போன இடைவெளியைப் பீங்கானால் மட்டும் கடக்க முடியாது. இருபுறமும் எலும்பு எவ்வளவு ஆவலாக இருந்தாலும் நடுவரை ஊர்ந்து வர அதற்குச் செல்களும் ரத்தமும் வேண்டும். சீழ் இருக்கும் குழியில் வைப்பது நுண்கிருமிகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது போல. கதிர்வீச்சு பெற்ற எலும்பிலும், புகைபிடிப்பதை விடாதவரின் எலும்பிலும் சாரம் மட்டும் போதாது.

சாரத்தோடு உயிரைச் சேர்க்க வழிகள் இருக்கின்றன. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துக் குருணையை அதில் ஊறவைப்பது எளியது. 1965இல் யூரிஸ்ட் எலும்பிலேயே எலும்பைத் தூண்டும் பொருள் இருப்பதைக் காட்டியதன் வழித்தோன்றலாக வந்த புரதங்கள் இன்னொரு வழி. அவை விலை கூடியவை, வீக்கம் முதலிய தொல்லைகளையும் தரக்கூடியவை. 2015இல் அமெரிக்காவில் கணுக்கால், பின்பாத மூட்டு இணைப்புக்கு அனுமதி பெற்ற ஒரு தயாரிப்பு, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் குருணையில் ஒரு வளர்ச்சிக் காரணியை ஊறவைத்துப் பயன்படுத்துவது.

எதையும் சேர்க்காமலேயே எலும்பைத் தூண்டும் பீங்கான் சாத்தியமா என்ற கேள்விதான் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்வது. 2010இல் யுவானும் அவரது குழுவினரும் செம்மறி ஆடுகளில் செய்த ஆய்வில், மேற்பரப்பில் மிக நுண்ணிய அமைப்பு கொண்ட டிரைகால்சியம் பாஸ்பேட், சொந்த எலும்பு ஒட்டுக்கு இணையாகப் பெரிய குழியை நிரப்பியது. வேதியியல் அதே, மாற்றியது படிகத்தின் பருமனையும் நுண்துளையையும் மட்டுமே. ஆட்டில் நடந்தது மனிதனில் அதே அளவில் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு குப்பிகள் ஏன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

முடிவெடுக்கும் மேசையில்

ஒரு குழியின் முன் நிற்கும்போது என் மனம் போகும் வழியைச் சொல்கிறேன். முதலில், நிரப்பத்தான் வேண்டுமா? சிறிய குழி தானே நிரம்பும். முழங்காலை நேராக்க டிபியாவை ஆப்பு வடிவில் திறக்கும் அறுவையில், திறப்பு சிறியதாக இருந்து, உறுதியான லாக்கிங் பிளேட் போட்டிருந்தால், ஒன்றும் வைக்காமலேயே பெரும்பாலும் ஆறிவிடுகிறது. திறப்பு பெரிதாகும்போது பீட்டா ஆப்பு பயன் தருகிறது.

நிரப்ப வேண்டுமென்றால், சுமை உடனே அதன் மேல் விழுமா என்று பார்ப்பேன். மூட்டுப் பரப்பின் அடியில் என்றால் அபடைட் சிமெண்ட். சுமையைப் பிளேட் தாங்குமென்றால், சுற்றிலும் ரத்தம் கசியும் பஞ்செலும்பு இருந்தால், பீட்டா குருணை. முதுகுத்தண்டு இணைப்பில் இருநிலைப் பீங்கானைச் சொந்த எலும்போடு கலப்பேன். மேல்தாடைச் சைனசின் (எலும்புக்குள் இருக்கும் காற்றறையின்) தளத்தை உயர்த்தி, பின்னால் பல் இம்பிளாண்ட் போடத் திட்டமிருந்தால், விரைவாக எலும்பாக மாறும் பீட்டாவுக்கும் உயரத்தைக் காக்கும் மெதுவான குருணைக்கும் இடையில் இருநிலைக் கலவையையே எடுப்பேன். அவசரப்பட்டு நான்காவது மாதத்திலேயே துளையிட மாட்டேன். உருவம் மட்டுமே முக்கியமென்றால் ஹைட்ராக்சிஅபடைட். தொற்று இருந்த இடமென்றால் முதலில் தொற்றை வெல்வது, பிறகுதான் மற்றவை.

வாங்குமுன் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு நிலையும் எத்தனை விழுக்காடு, மொத்தத் துளை எவ்வளவு, துளைகளுக்கு இடையிலான வாசல் எவ்வளவு, எந்த வெப்பத்தில் சுட்டது, குருணையின் பருமன் எந்த வரம்பில். இவற்றுக்குத் தெளிவான எண்களைத் தராத தயாரிப்பை, அதன் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

ஒரு சின்ன வேலை மிச்சமிருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நோயாளிக்குத் தரும் டிஸ்சார்ஜ் குறிப்பில் “எலும்பு மாற்று வைக்கப்பட்டது” என்று மட்டும் எழுதாமல், பொருளின் பெயர், நிலைகளின் விகிதம், அளவு, பேட்ச் எண் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில், வேறொரு மருத்துவர் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து, அந்த வெள்ளைப் புள்ளிகள் கட்டியா, தொற்றா, பழைய பீங்கானா என்று திகைக்கும்போது, அந்த ஒரு வரி நோயாளியைத் தேவையற்ற ஒரு பயாப்சியிலிருந்து காப்பாற்றும்.